பந்தி முடிந்த பிறகு: உணவுத் திரைப்படங்களின் கதை

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடிப் பிறமொழிப் படம் ஒன்றைப் பார்ப்பது எங்கள் சிறு குழுவின் நெடுநாள் வழக்கம். அண்மையில் சில மாதங்கள், உணவையும் சமையலையும் மையமாகக் கொண்ட படங்களாகத் தேர்ந்து பார்த்தோம். வரிசையில் முதலில் வந்தது டென்மார்க் படமான 'பாபெட்டின் விருந்து'. படம் முடிந்ததும் எங்களுக்கு எழுந்த பசி சாதாரணமானதன்று. நண்பரின் தாயார் கிளறி வைத்திருந்த ரவை உப்புமா, பாரிஸ் நகரத்து உணவகத்திலிருந்து வந்த பண்டம் போலச் சில நிமிடங்களில் காலியாயிற்று. சில மாதங்கள் கழித்து 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்தோம். அன்றும் உப்புமா இருந்தது. தட்டை எடுக்க யாரும் எழவில்லை. அடுக்களை வாசற்படியில் நின்றபடியே படம் முழுவதையும் பார்த்துவிட்ட அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்: "ஏம்ப்பா, அந்தக் குழாயைக் கடைசி வரைக்கும் யாரும் சரி பண்ணவே இல்லையா?"

இரண்டு படங்களிலும் நாம் காண்பது ஏறத்தாழ ஒன்றேதான். காய் நறுக்கும் கத்தி, கொதிக்கும் பாத்திரம், எழும் ஆவி, பரிமாறும் கரண்டி. ஒன்று பசியைக் கிளப்புகிறது. மற்றொன்று பசியை அடித்துப் போடுகிறது. வேறுபாடு உணவில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியோடு சினிமாவின் நூற்று முப்பது ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒரு வெளிப்படையான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திரைக்கு மணமும் கிடையாது, சுவையும் கிடையாது. சமையலின் உயிர் எந்த இரு புலன்களில் இருக்கிறதோ அந்த இரண்டும் இல்லாத கலை இது. இந்தக் குறையைப் போக்க முயன்றவர்களும் உண்டு. 1959 டிசம்பரில் நியூயார்க்கில், சீனத்தைப் பற்றி இத்தாலியர் எடுத்த ஆவணப்படம் ஒன்று 'அரோமாராமா' என்ற விளம்பரத்துடன் வெளியானது. அரங்கின் காற்றோட்டக் குழாய்கள் வழியே வாசனைகளை அனுப்புவது அதன் முறை. தொடக்கத்தில் திரையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை நறுக்குவார்கள். அரங்கில் ஆரஞ்சு மணக்கும். சில வாரங்கள் கழித்து, 1960 ஜனவரியில், 'சென்ட் ஆஃப் மிஸ்டரி' என்ற படம் போட்டிக்கு வந்தது. ஹான்ஸ் லாவுபே என்பவர் வகுத்த முறையில் ஒவ்வொரு இருக்கைக்கும் தனிக் குழாய் வைத்து மணத்தைச் செலுத்தினார்கள். கொலைகாரனை அவனுடைய சுருட்டுக் குழலின் புகையிலை வாசனையைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்பது கதை! நடந்தது வேறு. காட்சி முடிந்த பிறகு மணம் வந்து சேர்ந்தது, குழாய்கள் சீறின, மணம் கிட்டாதவர்கள் மூக்கை உறிஞ்சும் ஒலி வசனத்தை விழுங்கியது. இரண்டு முறைகளும் அத்துடன் ஒழிந்தன. 1981இல் ஜான் வாட்டர்ஸ் 'பாலியெஸ்டர்' படத்துக்குச் சுரண்டி முகரும் அட்டைகளைக் கொடுத்தது இந்த வரலாற்றைக் கேலி செய்யத்தான்.

மணத்தைக் கொண்டுவந்த படங்கள் தோற்றன. மணமே இல்லாத படங்கள் நாவூற வைக்கின்றன. ஆகவே திரையில் நம்மை இழுப்பது உணவே அன்று என்று துணிந்து சொல்லலாம். உண்பவரின் முகமும் சமைப்பவரின் கையும்தான் இழுக்கின்றன. கேமரா இவ்விரண்டில் எதை, எவ்வளவு நேரம் பார்த்தது என்பதே இவ்வகைப் படங்களின் வரலாறு என்பது எங்கள் கருத்து.

தொடக்கத்தில் முகம்தான் இருந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியே சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துக் குறும்படங்களில் ஒன்று, ஒரு குழந்தைக்கு உணவூட்டும் காட்சி. ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. சகோதரர்களுள் மூத்தவரான ஒகுஸ்த்தும் அவர் மனைவியும் தங்கள் மகளுக்கு ஊட்டுகிறார்கள். அன்று வந்தவர்களைக் குழந்தையை விடப் பின்னால் காற்றில் அசைந்த இலைகளே வியப்பில் ஆழ்த்தின என்று சொல்வார்கள். இருக்கட்டும். சினிமா பிறந்த அன்றே ஒரு வாய் திறந்து ஒரு கரண்டியை ஏற்றது என்பது நமக்குப் போதும்.

அதற்கடுத்த அரை நூற்றாண்டில் திரையில் உணவு என்றால் பெரும்பாலும் உணவின்மையே. சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பனிக்குடிலில் அகப்பட்ட இருவர், நன்றி நவிலும் திருநாளன்று ஒரு பூட்ஸை வேகவைத்து உண்கிறார்கள். சாப்ளின் கயிற்றை நூடுல்ஸ் போலச் சுருட்டி விழுங்குகிறார். ஆணிகளை எலும்பு உறிஞ்சுவது போல உறிஞ்சுகிறார். (அந்தப் பூட்ஸ் அதிமதுர மிட்டாயால் செய்யப்பட்டது.) நாம் சிரிப்பது அவர் பூட்ஸைத் தின்பதால் அன்று, கண்ணியமான விருந்தாளியைப் போல ஒழுங்கு தவறாமல் தின்பதால். 1896இல், ஏழு வயதில், லண்டன் லாம்பெத் ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு இந்த நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) இன்னும் நுட்பமானது. களவுபோன மிதிவண்டியைத் தேடி அலைந்து, மகனை அறைந்தும்விட்ட தந்தை, அவனைச் சமாதானப்படுத்தத் தன் தகுதிக்கு மீறிய ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போகிறான். சிறுவன் புரூனோ பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த ரொட்டியைக் கடித்து இழுக்கிறான். அது நூலாக நீள்கிறது. பக்கத்து மேசையில் பணக்காரச் சிறுவன் ஒருவன் தட்டு தட்டாகச் சாப்பிடுகிறான். புரூனோவின் கண் அங்கே போகும்போதெல்லாம் வாயில் இருப்பதன் ருசி குறைவதை நாம் பார்க்கிறோம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) மிட்டாய்க்காரன் காவடி போல இருபுறமும் பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறான். பின்னால் துர்கா, அப்பு, கடைசியில் ஒரு நாய். அவர்கள் பிம்பம் குளத்தில் தலைகீழாக நகர்கிறது. மிட்டாயை அந்தக் குழந்தைகள் வாங்கவே இல்லை. அதே படத்தில் கிழவி இந்திர் சோற்றைப் பிசைந்து உண்கையில் எதிரே அமர்ந்து வாய்பார்க்கும் சிறுமி துர்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. இப்படங்களை யாரும் 'உணவுப் படம்' என்று வகைப்படுத்துவதில்லை. ஆனால் பின்னால் வந்த அத்தனை உணவுப் படங்களும் உண்பவரின் முகத்தைப் பார்க்க இவர்களிடமிருந்துதான் கற்றன.

நம் பக்கத்தில் அதே காலத்தில் வந்த 'மாயாபஜார்' (1957) நேர் எதிரான வழியில் சென்றது. எஸ். வி. ரங்கா ராவின் கடோத்கசன் ஒரு கல்யாணச் சமையலையே ஒற்றை ஆளாகத் தீர்த்துக் கட்டுகிறான். தட்டுகள் நகர்கின்றன, லட்டுகள் தாமாகவே பறந்து வாய்க்குள் போகின்றன. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு ஜாலமும் திருச்சி லோகநாதனின் குரலும் சேர்ந்து அக்காட்சியைத் தமிழர்களின் பொது நினைவில் பதித்துவிட்டன. அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டதற்கு அடுத்த ஆண்டில் வந்த படம் அது என்பதையும் நினைவிற்கொள்ளலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விருந்தை யார் சமைத்தார்கள் என்பதை நாம் கேட்பதே இல்லை. சமையற்கட்டு என்று ஒன்று இருக்கிறது, பண்டம் அங்கிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

கேமரா வாயிலிருந்து கைக்குத் திரும்பிய காலம் 1980கள். ஜப்பானிய இயக்குநர் ஜூசோ இடாமியின் 'டம்போப்போ' (1985) இவ்வகையின் தலைசிறந்த படம் என்று எங்கள் குழுவில் ஒருமனதாக முடிவாயிற்று (எங்களிடையே ஒருமனது என்பது அரிது). கதை எளிது. கணவனை இழந்த டம்போப்போ என்பவள் ஒரு ராமென் கடையைச் சுமாராக நடத்தி வருகிறாள். கோரோ என்ற லாரி ஓட்டுநர், அமெரிக்க மேற்கத்தியப் படங்களின் நாயகனைப் போலத் தொப்பியுடன் வந்து இறங்கி, அவளை நாட்டின் சிறந்த ராமென் சமைப்பவளாக ஆக்கிவிட்டுப் போகிறான். இடையிடையே கதைக்குத் தொடர்பில்லாத சிறு சிறு நிகழ்ச்சிகள். ஒரு முதியவர், ராமென் கிண்ணத்தை முதலில் எப்படிப் பார்க்க வேண்டும், பன்றி இறைச்சித் துண்டைக் குச்சியால் எப்படித் தடவிக் கொடுக்க வேண்டும் என்று சீடனுக்கு ஒரு வழிபாட்டு முறையைப் போலக் கற்பிக்கிறார். பொருளாதாரச் செழிப்பில் வாய்ருசியை ஒரு மோகமாகவே வளர்த்துக்கொண்ட ஜப்பானைப் பார்த்து இடாமி சிரிக்கிறார். அந்த மோகம் தமக்கும் உண்டு என்பதையும் மறைப்பதில்லை. டம்போப்போ வென்றாள் என்பதை எப்படி அறிகிறோம்? ஐந்து ஆண்கள் கிண்ணத்தைத் தூக்கி அடிவரை குடிக்கிறார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கிறாள். நாம் அவள் முகத்தைப் பார்க்கிறோம்.

அதே படத்தில் இன்னொரு காட்சி. மனைவி சாகக் கிடக்கிறாள். மருத்துவரும் குழந்தைகளும் சூழ்ந்திருக்க, அலுவலகத்திலிருந்து ஓடிவரும் கணவன், அவளை எப்படியாவது பிடித்து நிறுத்திவிடும் தவிப்பில், எழுந்து சமையல் செய் என்று கத்துகிறான். அவள் எழுகிறாள். தள்ளாடிச் சென்று வெங்காயத்தாளை நறுக்கி, வாணலியில் சோற்றை வறுத்து, மேசையில் கொண்டுவந்து வைக்கிறாள். அவர்கள் உண்பதைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள், சாய்ந்து இறக்கிறாள். அம்மா கடைசியாகச் செய்தது, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று அழும் குழந்தைகளை அதட்டியபடி தானும் அள்ளித் தின்கிறான் தகப்பன். திரையிடலின்போது சிலர் சிரித்தோம், சிலர் கண் கலங்கினோம். இருவரும் சரியே. கணவனின் அன்பு உண்மை, அவள் பெற்ற நிறைவும் உண்மை. சாகும்போதும் அவளை அவன் அழைக்கத் தெரிந்த ஒரே மொழி 'சமை' என்பதுதான் என்பதும் உண்மை. இவ்வகைப் படங்களின் மொத்தக் கவர்ச்சியும் மொத்தக் கொடுமையும் இந்தச் சில நிமிடங்களில் அடங்கியிருக்கின்றன.

'பாபெட்டின் விருந்து' (1987) இதற்கு இரண்டாண்டு பிந்தையது. கேப்ரியல் ஆக்ஸெல் இயக்கியது. டென்மார்க்குக்கு முதன்முதலாக அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. இதன் மூலக்கதையை ஐசக் டினேசன் என்ற புனைபெயரில் காரென் பிளிக்ஸன் எழுதினார். கதை பிறந்த விதமே சுவையானது. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பணம் ஈட்ட விரும்பிய அவருக்கு நண்பர் ஒருவர், உணவைப் பற்றி எழுதுங்கள், அமெரிக்கர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றாராம். கதை 1950இல் ஒரு பெண்கள் இதழில் வெளிவந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற விருந்துக் கதையை எழுதிய அந்த அம்மையார், இரைப்பை நோயாலும் அறுவைச் சிகிச்சையாலும் நலிந்து, இறுதி ஆண்டுகளில் சிப்பி, திராட்சை, ஷாம்பெயின் போன்றவை தவிர ஏறக்குறைய எதையும் உண்ண இயலாதவராக இருந்து 1962இல் மறைந்தார்.

1871இல் பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்டபோது கணவனையும் மகனையும் இழந்து தப்பி வந்த பாபெட், கடலோரச் சிற்றூர் ஒன்றில் பக்தி மிகுந்த இரு சகோதரிகளின் வீட்டில் பணிப்பெண்ணாகிறாள். கருவாட்டையும் ரொட்டிக் கஞ்சியையும் சமைத்துப் பதினான்கு ஆண்டுகள் கழிகின்றன. பிறகு லாட்டரியில் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. அத்தனையையும் செலவழித்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு பிரெஞ்சு விருந்து. உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு வந்து அமரும் அந்த வைதிக முதியவர்களின் முகங்கள் ஆமை சூப்பிலும் காடையிலும் மெல்ல மெல்ல இளகுவதைப் போன்ற காட்சி சினிமாவில் குறைவு. படத்தைச் சமயச் சிந்தனையாளர்கள் அருளின் உருவகமாகக் கொண்டாடினார்கள். அமெரிக்க நகரங்களில் சில உணவகங்கள் அதே விருந்தைப் பட்டியலாகப் போட்டு விற்றன. இரண்டு தரப்பும் ஒன்றைத் தாண்டிச் சென்றுவிட்டன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பாபெட் முன்பு பாரிஸின் புகழ்மிக்க கஃபே ஆங்லே உணவகத்தின் தலைமைச் சமையல்காரி. அவள் கணவனையும் மகனையும் கொன்ற கம்யூன் ஒடுக்குமுறையின் தளபதியான காலிஃபே, அதே உணவகத்தில் அவள் கைப்பக்குவத்தை வியந்த வாடிக்கையாளர். மூலக்கதையின் முடிவில் பாபெட் இதை வாய்விட்டுச் சொல்கிறாள்: அவர்கள் கொடியவர்கள், ஆயினும் என்னவர்கள், என் கலையை அறியப் பயின்றவர்கள் அவர்கள் மட்டுமே. தன்னைச் சூறையாடியவனின் நாக்கைத் தவிர வேறு ரசிகன் இல்லாத கலைஞரின் நிலை அது. படம் இந்த முள்ளை மழுக்கிவிடுகிறது. சமையலறைக் கலைஞர் என்ற கருத்தை மட்டும் நமக்குப் பத்திரமாகக் கொடுக்கிறது.

அந்தக் கருத்து அடுத்த பத்தாண்டுகளில் நன்றாக விலைபோயிற்று. மெக்சிகோவிலிருந்து 'லைக் வாட்டர் ஃபார் சாக்லெட்' (1992), தைவானிலிருந்து ஆங் லீயின் 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' (1994). பின்னதன் தொடக்கச் சில நிமிடங்கள் முழுக்கக் கைகளே: மீனைச் செதில் நீக்கும் கை, மாவைப் பிடித்து மடிக்கும் கை. முதிய தலைமைச் சமையல்காரர் சூ, ஞாயிறுதோறும் மூன்று மகள்களுக்கும் பெருவிருந்து படைக்கிறார். அவருக்கோ நாக்கில் சுவையே போய்விட்டது. சமையலில் அவருடைய கையைக் கொண்டவள் நடு மகள். ஆனால் சமையற்கட்டு உனக்கு வேண்டாம், படி என்று அவளைச் சிறு வயதிலேயே வெளியேற்றியிருக்கிறார். இறுதியில் அவள் வைத்த சூப்பில் இஞ்சி தூக்கல் என்று குறை சொல்லும்போதுதான் தமக்குச் சுவை திரும்பியதை அவர் உணர்கிறார். ஆங் லீ படவாய்ப்பின்றி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்து, மனைவி வேலைக்குச் செல்ல, தாம் சமைத்துக் குழந்தைகளைக் கவனித்தவர் என்பது பலரும் அறிந்ததே. உணவகச் சமையற்கட்டில் ஆண் கலைஞன் ஆகிறான். வீட்டு அடுக்களையில் பெண்ணுக்குப் பெயரே இல்லை. இதைச் சற்றேனும் உணர்ந்தவர் எடுத்த படம் அது.

மும்பையின் 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) இந்தப் பெயரின்மையைத் தொட்டது. கணவனுக்கு அனுப்பிய சாப்பாடு தவறிப்போய் யாரோ ஒருவருக்குச் சேர்கிறது. திரும்பி வந்த டப்பா துடைத்தெடுத்தாற்போல் காலியாக இருப்பதைக் கண்டு இலா மலர்கிறாள். உண்பவரின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வாய்ப்பில்லை. காலி டப்பாவே அவளுக்கு முகம்.

இனி, கேமரா திரும்ப மறுத்த மூன்றாவது இடத்துக்கு வருவோம். அது தொட்டி, எச்சில் பாத்திரங்கள் போடுமிடம்.

அங்கே முதலில் துணிந்து நின்றவர் ஷாந்தால் ஆக்கர்மன். 'ழான் டில்மான்' (1975) படத்தை எடுத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. பிரஸ்ஸல்ஸ் நகரில் வாழும் ஒரு கைம்பெண்ணின் மூன்று நாள்கள். படத்தின் நீளம் 201 நிமிடங்கள். மகனுக்குச் சமைக்கிறாள், கட்டிலைச் சரிசெய்கிறாள், பிற்பகல்களில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் உடலை விற்கிறாள். அசையாத கேமரா முன் உருளைக்கிழங்கின் தோலை முழுவதுமாகச் சீவுகிறாள். நமக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரங்களைக் கழுவுகிறாள். கழுவி முடிக்கும் வரை நாமும் நிற்க வேண்டும். இரண்டாம் நாள் கிழங்கு கூடுதலாக வெந்துவிடுகிறது, அவ்வளவே. ஆனால் ஒரு வாழ்க்கையின் அச்சாணி கழன்றதைப் போல நாம் பதறுகிறோம். ஒளிப்பதிவாளரும் பெண்ணே, அவர் பெயர் பாபெட் மங்கோல்ட் என்பது தற்செயல்தான், ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை. பல ஆண்டுகள் சிறு வட்டத்தில் மட்டும் பேசப்பட்ட இப்படம், 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் மிகச்சிறந்த படமாகத் தேர்வாயிற்று. எங்கள் குழுவில் இருவர் நடுவில் தூங்கிவிட்டார்கள் என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்கிறோம். தூங்காதவர்களுள் ஒருவர், தம் வீட்டில் அந்த வேலையை ஒருநாளும் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை என்றார்.

ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) இந்த மரபின் மலையாள வாரிசு. ஆனால் அதன் சாமர்த்தியம் வேறு. அது ஓர் உணவுப் படமாகத்தான் தொடங்குகிறது. பலகாரம் எண்ணெயில் பொரிகிறது. புதுமணப்பெண் மாமியாருடன் சேர்ந்து சமைக்கும் முதல் நாள்கள் கண்ணுக்கு விருந்து. நாம் வழக்கம்போல நாவூறுகிறோம். அடுத்த நாளும் அதே காய், அதே கத்தி. அதற்கடுத்த நாளும். ஆண்கள் உண்டு எழுந்த மேசையில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைக்கு நடுவே பெண்கள் அமர்ந்து உண்கிறார்கள். மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வேக வேண்டும், குக்கர் ஆகாது. சட்டினி கையால் அரைக்க வேண்டும்; மிக்சி ஆகாது. கணவனோ பள்ளியில் குடும்பம் என்ற அமைப்பைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியன். உணவகத்தில் சக்கையை ஒழுங்காகத் தட்டிலேயே ஒதுக்கும் அவனிடம், வெளியே வந்தால் இந்தப் பழக்கமெல்லாம் தெரிகிறதே என்று அவள் விளையாட்டாகச் சொன்னதற்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. 'டம்போப்போ'வில் காதுக்கு இன்பமாக இருந்த அதே ஒலிகள், தேங்காய் துருவுதல், தாளித்தல், பாத்திரம் மோதுதல் எல்லாம், இங்கே தலைக்குள் ஆணி அடிக்கின்றன. தொட்டியின் கீழ்க் குழாய் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிடச் சொல்கிறாள், மறந்துவிடுகிறான். மீண்டும் சொல்கிறாள். அழுக்கு நீர் வாளியில் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

பெரிய இணையத் தளங்கள் முதலில் ஏற்க மறுத்ததால் சிறு தளம் ஒன்றில் வெளியான இப்படம், சில வாரங்களிலேயே கேரளத்தில் வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் தமிழிலும் வந்தது. அப்படத்துக்குப் பிறகு பழைய உணவுப் படங்களை முன்போல் பார்க்க முடிகிறதா என்று எங்களுக்குள் நெடுநேரம் விவாதம் நடந்தது. முடியும் என்பதே எங்களுள் பெரும்பான்மையோர் முடிவு. ஆனால் கண் இடைவிடாமல் தொட்டிப் பக்கம் போகிறது. பிரெஞ்சுப் படமான 'தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' (2023) அதற்குச் சான்று. வியட்நாமில் பிறந்த டிரான் ஆன் ஹங் இயக்கியது. கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றது. தொடக்கத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமையற்கட்டு ஒன்றில் கேமரா மிதக்கிறது. வெயில், செம்புப் பாத்திரங்கள், ஆவி. இவ்வளவு அழகான அடுக்களையைத் திரையில் நாங்கள் கண்டதில்லை. இவ்வளவு குறைவாக வியர்த்ததையும் கண்டதில்லை. ஆனால் இறுதியில், இருபது ஆண்டுகள் உடன் சமைத்த யூஜெனி, தன்னைக் காதலித்த தொதாங்கிடம், நான் உங்களுக்குச் சமையல்காரியா, மனைவியா என்று கேட்கிறாள். சமையல்காரி என்கிறான் அவன். அவள் மகிழ்ந்து நன்றி சொல்கிறாள். மனைவி என்று சொல்லியிருந்தால் அவளுடைய தொழிலுக்குப் பெயரில்லாமல் போயிருக்கும். மலையாளப் படத்தின் மருமகளுக்கும் பெயர் வைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வரிசையின் கடைசிப் படமாக 'பிக் நைட்' (1996) பார்த்தோம். இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்த இரு சகோதரர்கள், நொடித்துப்போகும் தங்கள் உணவகத்தைக் காப்பாற்ற ஒரே இரவில் எல்லாவற்றையும் பணயம் வைத்துப் பெருவிருந்து ஒன்று நடத்துகிறார்கள். விருந்து வெல்கிறது, அவர்கள் தோற்கிறார்கள், ஒருவரையொருவர் அடித்தும் கொள்கிறார்கள். விடிகிறது. தம்பி சமையற்கட்டுக்கு வந்து முட்டைகளை உடைத்து அடித்து வாணலியில் ஊற்றுகிறான். கேமரா வெட்டப்படாமல் தூர நின்றே பார்க்கிறது. யாரும் ஏதும் பேசுவதில்லை. ஆம்லெட்டை மூன்றாகப் பங்கிட்டு, உதவியாளனுக்கு ஒன்று கொடுத்து, தானும் அமர்கிறான். அண்ணன் வருகிறான். தம்பி எழுந்து வாணலியில் மீந்திருந்த பங்கை ஒரு தட்டில் எடுத்து வைக்கிறான். அருகருகே அமர்ந்து உண்கிறார்கள். ஒருவர் தோளில் மற்றவர் கை விழுகிறது. திரை இருள்கிறது.

நாங்கள் அனைவரும் அசையாமல் இருந்தோம். அம்மா இம்முறை நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்ப்பா" என்றார். பிறகு, "ஆனா அந்த வாணலியை அப்படியே அடுப்பு மேலயே வெச்சிட்டானுங்க பாரு. முட்டை வேற. காஞ்சா லேசுல போகாது."

அன்று இரவு பாத்திரம் தேய்த்தது எங்களில் மூன்று பேர். சரியாகத் தேய்க்கவில்லை என்று மறுநாள் செய்தி வந்தது.